ஆப்புக்குப் பின்னால் ஒரு டிராக்டர்

எங்கள் சைசிங் ஆலையில் முழுக்க முழுக்க மனிதக் கையால் நடக்கும் வேலை இன்றைக்கு ஒன்றுதான் மிச்சம். விறகு பிளப்பது. நூலைச் சுற்றுவது மோட்டார், கஞ்சியைக் கலக்குவது மோட்டார், பாவைப் பீமில் ஏற்றுவது மோட்டார். பாய்லருக்குள் போகும் விறகை மட்டும் ஒரு மனிதர் கோடாலி, சம்மட்டி, இரண்டு இரும்பு ஆப்புகளோடு உட்கார்ந்து பிளந்துகொண்டிருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். வலது தோளைத் தூக்கினால் 'கடக்'கென்று சத்தம் வருகிறது. அவருக்குப் பின் இந்த வேலைக்கு ஆள் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எனவே தோப்பில் ரொட்டேவேட்டர் ஓட்ட வாங்கிய 24 குதிரைத்திறன் குட்டி டிராக்டரில் மாட்டுகிற மாதிரி விறகு பிளக்கும் மெஷின் ஒன்று பார் என்று அப்பா சொன்னார். அந்தத் தேடலில் நான் படித்ததும் பார்த்ததும் கணக்குப் போட்டதும்தான் இந்தக் கட்டுரை. மெஷின் வாங்குவதற்கு எதற்கு வரலாறு என்று அப்பாவும் கேட்டார். படித்த வரலாற்றில் பாதி, யாருடைய கை எங்கே இருந்தது என்பதைப் பற்றியது. மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்று எனக்குப் பட்டது.

சோமனூர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் விசைத்தறி ஊர். காடா துணி நெய்கிறோம், அதாவது சலவையும் சாயமும் காணாத பச்சைத் துணி. தறியில் பாவு நூல் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிபடும். சும்மா மாட்டினால் பஞ்சாகப் பிரிந்து அறுந்துபோகும். எனவே பாவு நூலுக்கு முதலில் கஞ்சி போட்டு, சூடான உருளைகள் மேல் ஓட்டிக் காயவைக்க வேண்டும். அதுதான் சைசிங். உருளைக்குள் ஓடுவது நீராவி. நீராவிக்கு பாய்லர். பாய்லருக்கு விறகு.

கைத்தறிக் காலத்தில் இந்தக் கதையே வேறு. தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, பிரஷ்ஷால் நீவி, வெயிலில் காயவிடுவார்கள். மழை வந்தால் ஊரே ஓடிவந்து பாவைச் சுருட்டும் என்று அப்புச்சி சொல்வார். அப்போது விறகு தேவைப்பட்டது கஞ்சி காய்ச்சும் அண்டாவுக்கு மட்டும். காயவைத்தது சூரியன், இலவசமாக. பைக்காரா மின்சாரம் 1932ல் கோவைக்கு இறங்கியதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதனால் ஆலைகள் பெருகின, பின்னால் பம்ப்செட் வந்தது, விசைத்தறி வந்தது. எல்லாம் சரி. அந்த மின்சாரம் தறியை ஓட்டியது, நூலைக் காயவைக்கவில்லை. கரண்டில் நீராவி காய்ச்சினால் கட்டுப்படியாகாது. தறி வேகமாக ஓட ஓடக் கஞ்சி போட்ட பாவு அதிகம் தேவைப்பட்டது. அதற்கு நீராவி, நீராவிக்கு விறகு. ஆக, தெருவில் வெயில் செய்த வேலையை விசைத்தறி வந்த பிறகு மரம் செய்ய ஆரம்பித்தது. ஊர் எந்திரமயமானதால்தான் எங்கள் ஊரில் கோடாலிக்கு வேலை கூடியது. சோமனூர் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த முரண் இது.

விறகுக்கும் எந்திரத்துக்குமான இந்தக் கூட்டு எங்கள் ஊர் வழியாக அதற்கு முன்பே ஒருமுறை ஓடியிருக்கிறது. சென்னையிலிருந்து மலபார்க் கரையின் பேப்பூர் வரைக்கும் மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை 1862ல் முழுமையானது. திருப்பூரிலிருந்து போத்தனூர் போகும் அந்தத் தண்டவாளம்தான் இன்றைக்கும் சோமனூரைத் தொட்டுப் போகிறது. அந்தக் காலத்து எஞ்சின்கள் இங்கே பெரும்பாலும் விறகில்தான் ஓடின. இங்கிலாந்திலிருந்து நிலக்கரி கப்பலில் வர வேண்டும், விலை கட்டாது. சிங்கரேணிச் சுரங்கம் தொடங்கியதே 1880களின் கடைசியில். அதுவரைக்கும் பாதையோரக் காடுகள் எஞ்சின் வயிற்றுக்குள் போயின. மெட்ராஸ் வனத்துறை 1856ல் ஆரம்பிக்கப்பட்டதற்கும் பின்னால் 1882ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்ததற்கும் பல காரணங்கள் உண்டு. மரம் தீர்ந்துபோகும், ரயிலுக்கு விறகு கிடைக்காமல் போகும் என்ற பயம் அதில் முக்கியமான ஒன்று. கடற்கரையில் சவுக்குத் தோப்பு போட்டதும் ரயில் விறகுக்குத்தான்.

சீமைக்கருவேல மரம் இந்தியாவுக்கு வந்ததும் இதே விறகுப் பஞ்சத்தின் காலத்தில். வனத்துறை அதிகாரி பெட்டோம் 1876ல் இந்த மரத்தின் விதை கேட்டு மெட்ராஸ் அரசுக்கு எழுதினார், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடப்பைப் பக்கம் நட்டார்கள். இன்றைக்கு அதை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017ல் உயர் நீதிமன்றமே உத்தரவு போடுகிற அளவுக்குக் கெட்ட பெயர். ஆனால் எங்கள் யார்டில் லாரி லாரியாக வந்து இறங்குவது அதுதான். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து வருகிறது. ரயிலுக்காகத் தேடிய மரம் நூற்றைம்பது வருஷம் கழித்து அதே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பாவு நூலைக் காயவைக்கிறது.

இத்தனை விறகையும் பிளந்தது யார்? இந்தக் கேள்விக்கு ஆவணங்களில் பதில் கிடைப்பது கடினம். எத்தனை டன், என்ன விலை, எந்தக் காடு என்று எழுதிவைத்தவர்கள் கோடாலி பிடித்தவரின் பெயரை எழுதவில்லை. நம் இலக்கியத்திலும் விறகு சுமப்பவருக்கு இருக்கும் மரியாதை பிளப்பவருக்கு இல்லை. பாணபத்திரருக்காகச் சிவபெருமானே விறகு தூக்கிக்கொண்டு மதுரைத் தெருவில் நடந்தார். திருவிளையாடல் புராணத்தில் அதற்கென்று ஒரு படலமே உண்டு. 1965ல் வந்த சினிமா பார்த்த யாருக்கும் அந்த விறகுக் கட்டு மறக்காது. அந்தக் கட்டை யார் பிளந்து கட்டினார்கள் என்று புராணமும் சொல்லவில்லை, ஏ.பி. நாகராஜனும் காட்டவில்லை.

பிளக்கும் வேலை நம் கதைகளுக்குள் வருவது ஒரே இடத்தில், அதுவும் விபத்தாக. பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் வரும் குரங்கு. தச்சர்கள் பாதி பிளந்த மரத்தில் ஆப்பை அடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். குரங்கு மரத்தின் மேல் உட்கார்ந்து, வால் பிளவுக்குள் தொங்க, ஆப்பைப் பிடுங்குகிறது. மரம் மூடிக்கொள்கிறது. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரம் 1826ல் அச்சேறி, பாடப் புத்தகமாகப் படிக்கப்பட்டது. 'ஆப்பசைத்த குரங்கு' எல்லார் வாயிலும் இருக்கிறது. 'ஆப்பு வச்சுட்டான்' என்று இன்றைக்கு மீம் போடுகிறவர்களுக்கு அந்த ஆப்பு எதற்கு இருந்தது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. விறகு பிளப்பவருக்குத் தெரியும். பிளவு திறக்கும்போது ஆபத்தில்லை, மூடும்போதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினிடம் வரும்போது திரும்பத் தேவைப்படும்.

ஆப்பு என்பது என்ன? ஒரு சாய்வான முனை. நேராக அடிக்கும் அடியைப் பக்கவாட்டில் பிரிக்கும் விசையாக மாற்றுகிறது. மரம் இழைகளின் கட்டு. இழையின் குறுக்கே வெட்டுவது கஷ்டம், இழைக்கும் இழைக்கும் நடுவே பிரிப்பது சுலபம். எங்கள் விறகுக்காரர் ஒரு கட்டையை எடுத்தால் உடனே அடிக்க மாட்டார். வெட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காய்ந்த கட்டையில் மையத்திலிருந்து வெளியே ஓடும் வெடிப்பு தெரியும். "மரத்துக்கு வாய் எங்க இருக்குதுன்னு மொதல்ல பாக்கோணும் தம்பி. வாய் தெரிஞ்சா ஒரே போடு. தெரியலீனா நாள் பூரா போடு" என்பார். பெரிய கட்டையை நடுவில் அடிக்க மாட்டார். ஓரத்திலிருந்து சீவிச் சீவி உள்ளே போவார். வேம்பு அவருக்கு விளையாட்டு. வெள்வேல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சீமைக்கருவேலில் கணு முறுக்கிக்கொண்டு கிடக்கும். தென்னை ஒரு தனி ரகம், அது மரமே இல்லை, நார்க் கட்டு. மற்ற மரங்களில் மையத்திலிருந்து வெளியே ஓடும் கதிர்கள் தென்னையில் கிடையாது. ஆப்பு இறங்கினால் பிளக்காமல் பிய்யும். புளி வந்தால் கெட்ட வார்த்தைதான். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியைத் தேடி வாங்குவது சும்மா இல்லை. இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, வருஷக்கணக்கில் கத்தி விழுந்தாலும் பிளக்காது.

எதற்குப் பிளக்க வேண்டும், அப்படியே போட்டால் எரியாதா என்று நண்பன் ஒருவன் கேட்டான். எரியும், புகையோடு. மரத்தின் ஈரம் பட்டை வழியாகச் சீக்கிரம் வெளியேறாது. பிளந்து உள்முகம் வெளியே தெரிந்தால்தான் காயும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் தண்ணீரையே ஆவியாக்கப் போய்விடும். முழுக்கட்டை மேலே கருகி உள்ளே பச்சையாகக் கிடக்க, நீராவி அழுத்தம் இறங்கி, உருளை ஆறி, பாவு ஈரமாகவே பீமில் ஏறும். ஒரு பீம் கெட்டால் தறிக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

இனி மெஷின். கோடாலியில் இருப்பது வேகம். விறகு மெஷினில் இருப்பது அழுத்தம். மெதுவாக, நிறுத்தாமல் தள்ளும் ஆப்பு. அந்த அழுத்தத்தின் வரலாறு 1795ல் தொடங்குகிறது. லண்டனில் பூட்டுச் செய்துகொண்டிருந்த ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை எடுத்தார். சின்னக் குழாயில் கையால் அழுத்தும் தண்ணீர், பெரிய உருளையில் பல மடங்கு விசையாக எழும். பாஸ்கல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே சொன்ன தத்துவம்தான். ஆனால் செய்துபார்த்தால் பிஸ்டன் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். அதைச் சரிசெய்தது பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி என்பார்கள். கிண்ணம் போல மடித்த தோல் வளையம். தண்ணீர் அழுத்த அழுத்த அது இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கிணற்றுப் பம்பில் தோல் வாஷர் மாற்றிய கைக்கு இது உடனே புரியும். இன்றைக்கும் எந்த ஹைட்ராலிக் சிலிண்டரும் படுத்துக்கொள்வது அந்த இடத்தில்தான். ஆயில் சீல்.

இந்தப் பிரஸ் பருத்திக்காக நம் நாட்டுக்குள் வந்தது. பஞ்சு லேசு, ஆனால் இடத்தை அடைக்கும். கப்பலிலும் ரயிலிலும் இடத்துக்குத்தான் காசு. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சைப் பேலாக அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்கள் பருத்தி ஊர்களுக்கு வந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861-65 காலத்தில் இந்தியப் பருத்திக்கு வந்த கிராக்கி அதை வேகப்படுத்தியது. திருப்பூர் பனியன் ஊர் ஆவதற்கு முன்னால் பஞ்சு ஊர். ஜின்னிங், பிரஸ்ஸிங், சந்தை. 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் தொடங்கிய ஆலைக்குப் பிறகு இந்தப் பக்கத்து பஞ்சு இங்கேயே நூலாக ஆரம்பித்தது. ஆக, எங்கள் விறகுக் கட்டையை அழுத்தப்போகும் தத்துவம் எங்கள் தாத்தாக்களின் பஞ்சை ஏற்கெனவே அழுத்தியிருக்கிறது. ஒரு மூட்டைப் பஞ்சை 170 கிலோ பேலாகச் சுருக்கும் அதே வேலை, தலைகீழாக. அங்கே சேர்ப்பது, இங்கே பிரிப்பது.

டிராக்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1917ல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்ஸன் டிராக்டர் வந்தது. மலிவு. ஏகத்துக்கும் விற்றது. ஆனால் கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டினால் பின்சக்கரம் நிற்க, முன்பக்கம் தூக்கிக்கொண்டு டிராக்டர் பின்னால் கவிழும், ஓட்டுபவர் மேலேயே. பலர் செத்தார்கள். வட அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் இதற்குத் தீர்வு தேடினார். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுக்காமல், மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு ஒரே உடம்பாக மாட்டினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை மாட்டிக்கொண்டால் அந்த மேல் கை டிராக்டரின் மூக்கைக் கீழே அமுக்கும். தூக்கி இறக்க ஹைட்ராலிக். 1926ல் காப்புரிமை. 1938ல் ஃபோர்டும் அவரும் எழுத்தில்லாமல் கைகுலுக்கியே ஒப்பந்தம் போட்டார்கள், 1939ல் 9என் டிராக்டர் வந்தது. ஃபோர்டின் பேரன் காலத்தில் ஒப்பந்தம் முறிந்து, கோர்ட்டுக்குப் போய், 1952ல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைத்தது. கைகுலுக்கி வியாபாரம் செய்யும் கொங்கு நாட்டுக்காரர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

அவருடைய பெயர் பிறகு மாஸி ஃபெர்குசன் ஆகி, 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே வழியாக நம் ஊர் வரப்புக்கு வந்தது. இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டர் பின்னால் போய் நின்று பார்த்தாலும் அந்த மூன்று புள்ளிகள் இருக்கும். எங்கள் குட்டியிலும் உண்டு. டிராக்டரில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான். அந்தத் தைரியம், செத்துப்போன உழவர்களால் வந்தது.

மூன்று புள்ளிக்கு நடுவே சுற்றும் தண்டு பி.டி.ஓ. எஞ்சின் சக்தியைப் பின்னால் நிற்கும் கருவிக்குக் கொடுப்பது. அமெரிக்காவில் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1918 வாக்கில் இதை விற்பனை டிராக்டரில் கொடுத்தது. 1920களில் நிமிடத்துக்கு 540 சுற்று என்று பொதுவாக வைத்துக்கொண்டார்கள். இன்றும் அதே எண். வினாடிக்கு ஒன்பது சுற்று. கண்ணுக்குச் சும்மா நிற்பது போலத் தெரியும். துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ பட்டால் ஆளை இழுத்துக்கொண்ட பிறகுதான் நிற்கும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கதிரடிக்கும் மெஷின்களில் கை போனவர்கள் பெருகிப் பெருகி, 1983ல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. விபத்தானால் மெஷின் வைத்திருப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. நான் விசாரித்த கடைகளில் ஒருவருக்கும் அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியவில்லை. ஒருவர், "அதெல்லாம் வடக்கே இருக்கறவங்களுக்குங்க" என்றார்.

சரி, சந்தைக்கு வருகிறேன். குட்டி டிராக்டருக்கு மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை கூம்புத் திருகு. பி.டி.ஓ. தண்டில் நேராக மாட்டும், மரை வெட்டிய இரும்புக் கூம்பு. சுற்றிக்கொண்டே இருக்கும், கட்டையைக் கொண்டுபோய் முட்டக் கொடுத்தால் திருகிக்கொண்டு உள்ளே இழுத்துப் பிளக்கும். எண்ணெய் இல்லை, பம்ப் இல்லை, விலை ஆகக் குறைவு. பல்லடம் பக்கம் ஒரு தோப்பில் ஓடுவதைப் பார்த்தேன். வேகம் பிரமாதம். தென்னையைக்கூடக் கிழித்துப் போட்டது. ஆனால் நின்று பார்த்த கால் மணி நேரத்தில் இரண்டு தடவை கூம்பு கட்டைக்குள் மாட்டி, பிளக்காமல், கட்டையையே சேர்த்துச் சுழற்றியது. எங்கள் டிராக்டரில் பி.டி.ஓ. பின்னோக்கிச் சுற்றாது, மாட்டினால் அணைத்துவிட்டுச் சம்மட்டியால் அடித்துத்தான் எடுக்க வேண்டும். கட்டையைப் பிடித்திருக்கும் கைக்கும் சுற்றும் கூம்புக்கும் நடுவே இருப்பது அந்தக் கட்டை மட்டும். பிளந்துவிட்டால் அதுவும் இல்லை. கையுறை போட்டிருந்தால் இன்னும் மோசம், உறையோடு இழுக்கும். அந்த வகையை அன்றைக்கே விட்டேன்.

இரண்டாவது, டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக்கிலேயே ஓடும் சிலிண்டர். நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும், கணக்குப் போடும் வரை. குட்டி டிராக்டர்கள் பலவற்றில் மூன்று புள்ளியைத் தூக்க மட்டுமே எண்ணெய் போகும். வெளியே குழாய் மாட்ட வால்வு தனியாகப் போட வேண்டும். போட்டாலும் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர்தான் கிடைக்கும். நாலங்குலச் சிலிண்டர், 60 சென்டிமீட்டர் தள்ளு என்றால் ஒரு தடவை முன்னே போகவே 14 வினாடி, திரும்பிவர 10. சைசிங் ஆலைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய விறகுக்கு இது ஆகாது. அதோடு கியர்பாக்ஸிலும் ஹைட்ராலிக்கிலும் ஒரே எண்ணெய். விறகு யார்டின் தூசி அதற்குள் போனால் செலவு மெஷினோடு நிற்காது. வீட்டு அடுப்புக்கும் தோட்டத்துக்கும் விறகு பிளப்பவர்களுக்கு இது போதும்.

மூன்றாவது, பி.டி.ஓ.வில் தனி பம்ப், தனி எண்ணெய்த் தொட்டி. 540 சுற்றை கியர் வைத்து மூன்று மடங்காக்கி 1,620 சுற்றில் பம்ப்பைச் சுற்றுவார்கள். நிமிடத்துக்கு 40 லிட்டர் கிடைத்தால் மேலே சொன்ன நேரம் பாதியாகும். அந்த ஓட்டத்துக்கு முழு அழுத்தத்தில் 14 குதிரைத்திறன் வேண்டும், நஷ்டத்தைச் சேர்த்தால் 17 வரை. 24 குதிரைத்திறன் டிராக்டர் தாங்கும். மூன்றிலும் விலை இதுதான் அதிகம்.

டன் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் 20 டன், 30 டன் என்று எழுதியிருப்பார்கள். சிலிண்டர் விட்டத்தையும் பம்ப்பின் அழுத்தத்தையும் கேளுங்கள். நாலங்குலச் சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். 160 பார் அழுத்தத்தில் அது தள்ளுவது 13 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதே பம்ப்பில் 30 டன் வேண்டுமானால் சிலிண்டர் ஆறங்குலத்துக்குப் போக வேண்டும், வேகம் பாதிக்கும் கீழே இறங்கும். நான் விட்டம் கேட்டதும் இரண்டு கடைக்காரர்கள் பேச்சை மாற்றி டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கரண்ட் மோட்டாரில் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஓட்டலாம். யார்டு ஆலைக்குள்ளேயே இருந்தால் அதுதான் சரி. எங்கள் விறகு பாதி ஆலையில், பாதி தோப்பில். விழுந்த தென்னையை அங்கேயே துண்டுபோட்டுப் பிளந்தால்தான் ஏற்றுகூலி மிச்சம்.

கடைசியில் கோவையில் ஒரு லேத்துப் பட்டறையில் மூன்றாம் வகையைச் சொல்லிச் செய்யக் கொடுத்தோம். பட்டறைக்காரர் முதலில் காட்டிய மாதிரியில் ஒரே லீவர். ஒரு கையால் லீவர், இன்னொரு கையால் கட்டை. விறகு மெஷின் விபத்துகள் நடப்பது இப்படித்தான், அல்லது ஒருவர் லீவரிலும் இன்னொருவர் கட்டையிலும் நிற்கும்போது. கட்டை லேசாகச் சாயும், பிடிக்கக் கை தானாகப் போகும். பஞ்சதந்திரத்துக் குரங்காவது அதிகப் பிரசங்கம் செய்தது, இவர் வேலை செய்கிறவர். இரண்டு லீவர் வேண்டும், இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் ஆப்பு முன்னே வர வேண்டும், எதை விட்டாலும் நிற்க வேண்டும் என்றேன். "வேகம் கொறையுங்க, ஆளுக ஒரு லீவரைக் கம்பி போட்டுக் கட்டிருவாங்க" என்றார். அவர் சொல்வது பொய் இல்லை. டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் கட்டத்தான் செய்வார். பாதுகாப்பு லீவரில் இருக்கிறதா, கூலியில் இருக்கிறதா என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

அங்கிருந்துதான் எங்கள் வீட்டுச் சண்டை ஆரம்பித்தது. அப்பா, மெஷின் வந்தபின் விறகுக்காரருக்கு நாள் கூலி போதும் என்றார். லீவர் அமுக்க என்ன தெம்பு வேண்டும்? கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் இது சோமனூர். கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியபோது ஒரு ஆள் நெய்யும் மீட்டர் பல மடங்கானது. அந்தப் பல மடங்கில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் நின்றதும் அதற்குத்தான். அப்போது ஜவுளி வியாபாரிகளைத் திட்டிய வாயால் இப்போது நாமே அதைச் சொல்வதா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

விறகுக்காரரிடமே கேட்டோம். அவர் மெஷினைச் சுற்றி வந்தார். ஆப்பைத் தடவிப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல், "டன் கூலியே இருக்கட்டுங்க மொதலாளி. கொஞ்சம் கொறச்சுக்கறேன். டீசல் உங்குளுது. ஆனா லீவரைக் கட்டற வேல என்றகிட்ட ஆகாது. பொறுமையாத்தான் ஓட்டுவேன், அதுக்கு ரேட்டப் பாத்துப் போடுங்க" என்றார். இரண்டு நாள் இழுத்து ஒரு தொகைக்கு வந்தார்கள். பழைய கூலியில் எவ்வளவு குறைந்தது என்பது அவர்களுக்குள். பிளக்கும் அளவு கூடியதால் வார முடிவில் அவர் கைக்குப் போவது முன்னைவிட அதிகம்தான் என்று மட்டும் கணக்குப் பார்த்தேன்.

ஒரு நிபந்தனை போட்டார். புளியங்கட்டை வந்தால் கோடாலிதான், பழைய ரேட்டு. மெஷின் வந்த மூன்றாம் வாரம் லாரியில் நாலு புளியங்கட்டை கலந்து வந்தது. ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். ஆப்பு பாதி இறங்கி நின்றது, டிராக்டர் முக்கியது, ரிலீஃப் வால்வு கத்தியது. அவர் இரண்டு கையையும் லீவரிலிருந்து எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.